குப்பைக்குள் புதினம் பார்த்த அகதி

"அண்ணை, சித்திரைப் புத்தாண்டு மலருக்கு நீங்கள் ஏதும் சரித்திரக் கட்டுரை எழுதித் தாருங்கோ" என்று எங்கள் சங்கச் செயலாளர் மாசி மாதமே சொல்லி வைத்துவிட்டார். ஊர்ச் சரித்திரம் எழுதுவதற்கு எங்கள் சங்கத்தில் ஆட்களுக்குக் குறைவில்லை. கோயில் சரித்திரம், பள்ளிக்கூடச் சரித்திரம், சந்தைச் சரித்திரம் எல்லாம் முன்னைய மலர்களில் வந்துவிட்டன. நான் இந்த முறை எங்கள் ஊரோடு ஒட்டு உறவு எதுவும் இல்லாத ஒரு வெள்ளைக்கார மனிதனின் சரித்திரத்தை எழுதப் போகிறேன். வாசிக்கிற நீங்கள் கோபிக்கக்கூடாது. அவரும் எங்களைப் போல ஓர் அகதி. அதோடு, அவரைப் பற்றி எழுதினால் என் அம்மாவைப் பற்றியும் எழுத வேண்டிவரும். அதற்காகவும்தான் எழுதுகிறேன்.

நியூகாசில் பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஹற்றன் கலைக்கூடம் என்று ஒன்று இருக்கிறது. எங்கள் மலையகத்து ஹற்றனின் பெயர்தான். உள்ளே போவதற்குக் காசு இல்லை. 1994 இலிருந்து அந்த வளாகத்துக்குப் பத்து நிமிட நடைதூரத்தில் ஒரு கடையில் வேலை செய்தேன். பதினெட்டு வருஷமாக ஒருநாளும் உள்ளே கால் வைத்ததில்லை. அதெல்லாம் படித்த வெள்ளைக்காரருக்கு உரிய இடம் என்பது என் எண்ணம். 2012 இல் அங்கு படித்துக்கொண்டிருந்த என் மகள்தான் "வாங்கோ அப்பா, ஒரு சுவர் காட்டிறன்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

சுவர்தான். வேறொன்றுமில்லை. கல்லால் கட்டிய ஒரு பழைய களஞ்சியத்தின் பக்கச் சுவரை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அதன்மேல் சாந்து மேடும் பள்ளமுமாகப் பூசப்பட்டு, அங்கங்கே இலேசாக வர்ணம் தீட்டப்பட்டிருக்கிறது. உற்றுப் பார்த்தால் சாந்துக்குள்ளே சாமான்கள் புதைந்து கிடக்கின்றன. பூவாளியின் மூக்கு ஒன்று, சின்னப்பிள்ளை விளையாடும் றப்பர் பந்து ஒன்று, பழைய படச் சட்டத்தின் ஒரு துண்டு, கற்கள். நான் சொன்னேன்: "மேசன் வேலையை அரைகுறையிலை விட்டிட்டுப் போட்டான் போலை கிடக்கு." மகள் சிரிக்கவில்லை. "அரைகுறைதான் அப்பா. செய்தவர் முடிக்க முதல் செத்துப்போனார். உவரும் ஒரு அகதி. உங்களைப் போலை காகிதத்துக்குக் காத்துக்கொண்டு இருந்தவர்" என்றாள்.

அவருடைய பெயர் குர்ட் ஷ்விற்றர்ஸ். அன்றைக்குப் பிறகு அவரைப் பற்றி மகள் கொண்டுவந்து தந்த புத்தகங்களை அகராதியும் கையுமாக இருந்து வாசித்தேன். அதில் எனக்குப் பட்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

ஷ்விற்றர்ஸ் 1887 இல் ஜேர்மனியின் ஹனோவர் நகரில் பிறந்தவர். ட்றெஸ்டன் நகரத்துக் கலைக்கல்லூரியில் ஒழுங்காகப் படம் வரையப் படித்தவர். மரம், மலை, மனித முகம் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி வரையக்கூடிய கை அவருக்கு இருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு அவர் செய்தவற்றைப் பார்க்கிறவர்கள் "கீறத் தெரியாதவன் செய்த வேலை" என்று நினைப்பார்கள். நானும் நினைத்தேன்.

முதலாம் உலகயுத்தம் 1918 இல் ஜேர்மனியின் தோல்வியோடு முடிந்தது. மன்னர் நாட்டை விட்டு ஓடினார். தெருவில் புரட்சி, சந்தையில் சாமான் இல்லை, காசுக்கு மதிப்பில்லை. அந்த நேரத்தில்தான் ஷ்விற்றர்ஸ் குப்பை பொறுக்கத் தொடங்கினார். றெயில் ரிக்கெற், கிழிந்த விளம்பரம், கம்பி, துணித்துண்டு, பலகைத் துண்டு, ஆணி. இவற்றையெல்லாம் அட்டையிலும் பலகையிலும் ஒட்டியும் ஆணியால் அறைந்தும் படமாக்கினார். எல்லாம் உடைந்துபோய்க் கிடக்கிறது, புதியதை உடைந்த துண்டுகளிலிருந்துதான் செய்ய வேண்டும் என்பது அவருடைய நினைப்பு. அப்படி ஒட்டிய ஒரு படத்தில் ஒரு வங்கி விளம்பரத்தின் துண்டு இருந்தது. 'கொமேர்ஸ்', அதாவது வர்த்தகம் என்ற சொல்லின் முன்பாதி வெட்டுப்பட்டு, 'மேர்ஸ்' என்ற பின்பாதி மாத்திரம் மிஞ்சியிருந்தது. அர்த்தமில்லாத அந்தச் சொல்லையே 1919 இலிருந்து தன் வேலைகள் எல்லாவற்றுக்கும் பெயராக வைத்துக்கொண்டார்.

தெருவில் நடந்து போகும்போது சட்டென்று நின்று, நிலத்தில் கிடக்கும் ஒரு கடதாசித் துண்டைக் குனிந்து எடுத்துப் பொக்கெற்றுக்குள் போடுவது அவருடைய வழக்கம். எங்களூரில் இப்படி ஆட்களை 'புதினம் பார்க்கிறவர்கள்' என்போம். கடைக்கு அனுப்பிய பெடியன் வழியிலே எறும்புப் புற்றைப் பார்த்துக்கொண்டு நின்றால், "என்னடா புதினம் பாத்துக்கொண்டு நிக்கிறாய்?" என்று பேச்சு விழும். வேலைக்கு உதவாதவன் என்று அர்த்தம். அந்தச் சொல்லை நான் இப்போது வேறுவிதமாக யோசிக்கிறேன். எல்லோரும் மிதித்துக்கொண்டு போகிற ஒரு பஸ் ரிக்கெற்றில் இந்த மனுஷனுக்கு ஏதோ புதினம் தெரிந்திருக்கிறது. அதன் நிறமோ, இலக்கமோ, கிழிந்த ஓரமோ. தனக்குத் தெரிந்ததை மற்றவருக்கும் காட்ட வேண்டும் என்றுதான் ஒட்டினார்.

ஹனோவரில் தன் வீட்டு அறைக்குள்ளேயே 1923 அளவில் ஒரு வேலை தொடங்கினார். தூண், குகை, மாடம் என்று பலகையாலும் சாந்தாலும் கட்டிக்கொண்டே போனார். நண்பர்களின் பென்சில், தலைமயிர் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் அந்த மாடங்களுக்குள் வைத்தார். பன்னிரண்டு, பதின்மூன்று வருஷத்தில் அது ஒரு அறையை விட்டு மற்ற அறைகளுக்குள்ளும் பரவிவிட்டது. மனைவி ஹெல்மா இதையெல்லாம் எப்படிப் பொறுத்தாரோ தெரியாது. ஆனால் மனுஷன் ஒன்றும் வேலைவெட்டி இல்லாதவர் அல்ல. 1929 இலிருந்து 1934 வரை ஹனோவர் நகரசபைக்கு அச்சு எழுத்து வேலைகளைச் செய்து கொடுத்துச் சம்பளம் வாங்கியவர்.

1933 இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஷ்விற்றர்ஸ் யூதர் இல்லை. பேசாமல் மலையையும் பூவையும் கீறிக்கொண்டு இருந்திருந்தால் ஒருவேளை ஒன்றும் நடந்திராது. 1936 மார்கழியில் மகன் ஏர்ன்ஸ்ற் நோர்வேக்குப் போனான். 1937 தை பிறந்ததும் தகப்பனும் போனார். ஹெல்மா வீட்டையும் வயதுபோனவர்களையும் பார்த்துக்கொள்ளப் பின்னுக்கு நின்றார். எங்கள் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. எல்லா வீட்டிலும் ஒராள் பின்னுக்கு நிற்கத்தான் வேணும். அதே 1937 யூலையில் மூனிச் நகரில் 'சீரழிந்த கலை' என்று பெயர் போட்டு நாசிகள் ஒரு கண்காட்சி நடத்தினார்கள். 650க்கு மேற்பட்ட படைப்புக்களைக் கேலி செய்வதற்கென்றே தொங்கவிட்டார்கள். அதில் ஷ்விற்றர்ஸின் படமும் இருந்தது, வேண்டுமென்றே சரித்து மாட்டப்பட்டபடி. மூனிச்சில் மட்டும் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட சனம் வந்து பார்த்ததாம். அதற்குப் பிறகு அவர் திரும்பிப் போக முடியாது.

ஹெல்மா இடைக்கிடை நோர்வேக்கு வந்து போனார். 1939 யூன் மாதத்தில் குடும்பமாக ஒஸ்லோவில் கூடினார்கள். அதுதான் கணவனும் மனைவியும் கடைசியாகப் பார்த்துக்கொண்டது.

1940 ஏப்ரலில் ஜேர்மன் படை நோர்வேக்குள்ளும் வந்தது. ஷ்விற்றர்ஸும் மகனும் மருமகளும் வடக்கே வடக்கே என்று ஓடினார்கள். நோர்வேக்காரர் சந்தேகத்தில் பிடித்து அடைத்தும் வைத்தார்கள். ஜேர்மன்காரனுக்குப் பயந்து ஓடுகிறவனை ஜேர்மன்காரன் என்றே பிடிப்பது! கடைசியில் யூன் மாதம் ற்றொம்ஸோ துறையிலிருந்து 'பிரிட்ஜோவ் நான்சன்' என்ற பனியுடைக்கும் கப்பலில் இடம் கிடைத்து ஸ்கொற்லாந்துக்கு வந்து சேர்ந்தார்கள். நான்சன் யார் தெரியுமோ? சர்வதேசச் சங்கம் 1921 இல் அகதிகளுக்கென்று நியமித்த முதலாவது ஆணையாளர். நாடற்றவர்களுக்கு ஒரு கடவுச்சீட்டு ஏற்படுத்திக் கொடுத்த மனிதர். அவருடைய பெயர் எழுதிய கப்பலில் வந்தும், இறங்கிய உடனே இவர்களைப் பிரித்தானியா 'எதிரி நாட்டு அந்நியர்' என்று பிடித்து அடைத்தது.

1940 இல் பிரித்தானியாவில் இப்படி அடைபட்டவர்கள் ஏறத்தாழ 27,000 பேர். பெரும்பாலானவர்கள் ஹிட்லருக்குப் பயந்து ஓடி வந்த யூதர்கள். சிலரைக் கப்பலேற்றிக் கடல்கடந்தும் அனுப்பினார்கள். 'அரண்டோரா ஸ்ரார்' என்ற கப்பல் யூலை 2ஆம் திகதி நீர்மூழ்கியால் தாக்கப்பட்டு மூழ்கியதில் 800 பேருக்கு மேல் இறந்தார்கள். ஷ்விற்றர்ஸை முகாம் முகாமாக மாற்றினார்கள். பெரி என்ற ஊரில் கைவிடப்பட்ட ஒரு பஞ்சாலையிலும் வைத்திருந்தார்கள். பிறகு யூலை 17 அன்று மான் தீவின் டக்ளஸ் நகரில் ஹச்சின்சன் முகாமுக்குக் கொண்டுபோனார்கள்.

ஹச்சின்சன் என்பது கடற்கரை ஊரில் விடுமுறைக்கு வருகிறவர்கள் தங்கும் வாடகை வீடுகள் நிறைந்த ஒரு சதுக்கம். சுற்றிவர முட்கம்பி அடித்து முகாமாக்கினார்கள். உள்ளே ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்கள். பேராசிரியர்கள், பியானோ வித்துவான்கள், சிற்பிகள், சித்திரகாரர்கள் என்று ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தேவையான அத்தனை பேரும் இருந்தார்கள். இருட்டடிப்புக்காக யன்னல் கண்ணாடிகளுக்கு நீலவர்ணம் பூசியிருந்தது. அந்த வர்ணத்தைச் சவர அலகால் சுரண்டிச் சுரண்டி அதிலேயே படங்கள் வரைந்தார்கள். பகலில் வெளிச்சம் அந்தக் கோடுகளுக்குள்ளால் உள்ளே வரும். நிலத்து லினோலியத்தைக் கிளப்பி அச்சுக் கட்டை செதுக்கினார்கள்.

ஷ்விற்றர்ஸ் என்ன செய்தார் தெரியுமோ? காலைச் சாப்பாட்டில் மிஞ்சும் கஞ்சியை, அதுதான் ஓட்ஸ் பொறிச்சை, வீடுவீடாகச் சேர்த்துக்கொண்டு போய்த் தன் அறைக்குள்ளே சிற்பம் செய்தார். சீமெந்து இல்லை, சாந்து இல்லை, கஞ்சி இருந்தது. அது நாளடைவில் பூஞ்சணம் பிடித்துப் பச்சையும் நீலமுமாய் மயிர் முளைத்து, ஒரு பொல்லாத மணம் மணத்தது என்று கூட இருந்த எழுத்தாளர் பிரெட் ஊல்மன் பின்னர் எழுதியிருக்கிறார். அந்தச் சிற்பங்களில் ஒன்றும் இன்று இல்லை. கஞ்சி எத்தனை நாளைக்கு நிற்கும்?

அதை வாசித்தபோது எனக்குக் கூப்பன் மா ஞாபகம் வந்தது. சங்கக்கடையில் பங்கீட்டுக்குக் கிடைக்கும் அந்த மாவைக் காய்ச்சித்தான் நாங்கள் பட்டத்துக்குப் பசை எடுத்தோம். சாப்பிடுகிற மாவைப் பசையாக்குவதற்கு வீட்டில் திட்டு விழும், ஆனால் பட்டம் ஏறின பிறகு திட்டினவர்களும் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். இன்னொன்றும் ஞாபகம் வந்தது. 1990 களில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தில் பேப்பரும் புத்தகமும் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்தன. ஊரிலிருந்து வந்த ஒருவர் 1993 இல் அப்படி ஒரு கவிதைப் புத்தகம் கொண்டுவந்தார். இரட்டை றூள் தாள். கோட்டுக்கு மேலே எழுத்து, அச்சடித்தவர் கோட்டையும் பார்த்து வரி நிரையாக்கியிருந்தார். அந்த அக்கறைதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

முகாமில் ஷ்விற்றர்ஸ் மற்றவர்களின் முகங்களையும் வரைந்தார், அது காசுக்கு. ஒட்டுப் படம் செய்தார், சிற்பம் செய்தார். பதினாறு மாதத்தில் இருநூறுக்கு மேற்பட்ட படைப்புக்கள் என்று கணக்கிடுகிறார்கள். மாலையில் கூட்டம் சேர்த்துத் தன் 'ஊர்சோனாற்ற' என்ற நீண்ட ஒலிக்கவிதையைச் சொல்லிக் காட்டுவார். அதில் ஒரு சொல்லுக்கும் அர்த்தம் இல்லை, வெறும் ஒலிகள்தான். எங்கள் மிருதங்க வித்துவான் வாயாற் சொற்கட்டுச் சொல்வதை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட விளங்கும். பேராசிரியர்கள் கைதட்டினார்கள்.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு, மனுஷன் கவலையில்லாமல் இருந்தார் என்று யாரும் நினைக்கக்கூடாது. இரவானால் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டு நாய் போலக் குரைப்பாராம். கேட்டவர்கள் பகிடி என்று எடுத்துக்கொண்டார்கள். பகிடியாகவும் இருக்கலாம். சின்ன வயதில் இருந்து பிறகு விட்டுப்போன வலிப்பு அங்கே திரும்பவும் வந்தது. மனம் உடைந்ததை அவர் மற்றவர்களுக்கு மறைத்தார் என்று மகன் பின்னர் சொன்னார். ஐந்தாறு பேர் ஒரு அறையில் படுத்துக்கொண்டு, விசாரணைக் கடிதத்துக்குக் காத்திருந்த எங்கள் ஆரம்ப காலத்தை அறிந்தவர்களுக்கு அந்தக் குரைப்பு என்னவென்று தெரியும். எங்கள் அறையிலும் ஒருவர் நடுச்சாமத்தில் எழும்பி மாடு கூப்பிடுவார்.

இந்த இடத்தில் அம்மாவின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அம்மா 1998 இல் கொழும்பு வழியாக என்னிடம் வந்து சேர்ந்தா. எங்களூர் தென்மராட்சி. 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து வந்தபோது, எங்கள் வீட்டிலும் வளவிலும் எழுபது பேருக்கு மேல் இருந்ததாம். அதற்குப் பிறகு அம்மாவும் பல இடங்களுக்கு ஓடி, ஒரு சூட்கேசோடு வந்து இறங்கினா. இங்கே பகல் முழுக்க யன்னலோரம் தனிய. கிறிஸ்மஸுக்கு வேலையிடத்தில் தந்த 'குவாலிற்றி ஸ்ரீற்' ரொபிப் பேணி ஒன்று வீட்டில் கிடந்தது. ரொபியைப் பிள்ளைகள் தின்ன, அம்மா பேப்பரை எடுத்து நகத்தால் தேய்த்துத் தேய்த்துச் சுருக்கம் எடுத்து, நிறம் நிறமாக அடுக்கி வைத்தா. சிவப்பு, ஊதா, பச்சை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பா. "மினுங்கிறதைப் பார் மோனை" என்பா.

பிறகு அதை வைத்து ஒரு தேர் செய்யத் தொடங்கினா. எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் சித்திரத்தேர். காலைச் சாப்பாட்டுப் பெட்டி மட்டை, நூற்கட்டைகள் சில்லுக்கு, ஐஸ்பழக் குச்சி, என்னுடைய பஸ் ரிக்கெற்றுக்கள். மாவைக் காய்ச்சிப் பசை. தேரின் சீலை முழுக்க ரொபிப் பேப்பர். ஒவ்வொரு தட்டிலும் சுருட்டிச் செய்த சின்னச் சின்னப் பாவைகள், ஆனைகள், யாளிகள். ஒன்றரை வருஷமாகச் செய்தா. பிள்ளைகள் பக்கத்தில் இருந்து பேப்பர் எடுத்துக் கொடுப்பார்கள். எனக்கோ வெட்கம். வீட்டுக்கு ஆட்கள் வந்தால் அதை அறைக்குள்ளே தூக்கி வைப்பேன்.

2000 ஆம் ஆண்டு தென்மராட்சியில் சண்டை மூண்டது. சாவகச்சேரி இடிந்து தரைமட்டமானது. எங்கள் வீடும் போய்விட்டது என்று ஒருநாள் இரவு ரெலிபோன் வந்தது. நான் ரெலிபோனை வைத்துவிட்டுத் திரும்ப, அம்மா மேசையில் இருந்து ஊதாப் பேப்பர் ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தா. அவவுக்கும் செய்தி கேட்டது. "வீடு எரிஞ்சு போச்சுது, உங்களுக்கு இஞ்சை ரொபிப் பேப்பர் விளையாட்டோ?" என்று கத்திவிட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பசைக் கிண்ணத்தைக் கழுவி வைத்தா. தேரை அலுமாரிக்குப் பின்னாலே தள்ளி வைத்தா. அதன் உச்சிக்குக் கலசம் மட்டும்தான் மிச்சம். அதற்குப் பிறகு அவ அதைத் தொடவேயில்லை. 2006 இல் காலமானா. அடுத்த வருஷம் நாங்கள் வீடு மாறியபோது குப்பையோடு குப்பையாகத் தேரும் போய்விட்டது. போட்டது நான்தான்.

ஷ்விற்றர்ஸ் 1943 இல் லண்டனில் ஒட்டிய ஒரு படத்தில் 'குவாலிற்றி ஸ்ரீற்' என்ற எழுத்து இருக்கிறது. அந்தப் படத்தை அந்தப் பெயராலேயே சொல்கிறார்கள். மகள் தந்த புத்தகத்தில் அந்தப் பக்கம் வந்தபோது, நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன்.

1941 நவம்பரில் அவரை விட்டார்கள். லண்டனுக்கு வந்தார். வாடகை வீட்டில் எடித் தோமஸ் என்ற இளம்பெண் பழக்கமானாள். வயதில் அவரைவிட மிகவும் குறைந்தவள். எந்த நேரமும் "தேத்தண்ணி வேணுமோ?" என்று ஆங்கிலத்தில் கேட்பதால் அவளுக்கு 'வோன்ரீ' என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார். அவள்தான் கடைசிவரை அவரைப் பார்த்தவள். ஊரில் மனைவி இருக்க இதென்ன என்று சிலர் கேட்பீர்கள். நானும் கேட்டேன். யுத்தம் பிரித்து வைத்த குடும்பங்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் துணிவு இப்போது எனக்கு இல்லை.

1943 ஒக்டோபரில் நேசநாட்டு விமானங்கள் ஹனோவரில் குண்டு போட்டன. அறையறையாகப் பரவிய அந்தப் பெரிய வேலை வீட்டோடு அழிந்தது. அடைக்கலம் கொடுத்த பக்கத்தின் குண்டே வீட்டில் விழுந்தது. 1944 ஏப்ரலில் அவருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் சிலகாலம் இழுத்துவிட்டது. அந்த ஒக்டோபரில் ஹெல்மா ஹனோவரில் புற்றுநோயால் இறந்தார். செய்தி டிசெம்பரில்தான் வந்து சேர்ந்தது. அதே டிசெம்பரில் லண்டனில் அவருடைய கண்காட்சி நடந்தது. பிரபல விமர்சகர் ஹேர்பேர்ட் றீட் முன்னுரை எழுதிக் கொடுத்தார். நாற்பது படைப்புக்கள், விலை 15 இலிருந்து 40 கினி வரை. விற்றது ஒன்று.

இந்த இழவுகளுக்குள்ளும் அவர் குனிந்து எடுப்பதை நிறுத்தவில்லை. லண்டன் பஸ் ரிக்கெற், மிட்டாய்ப் பேப்பர், கடித உறை, ஜேர்மனியிலிருந்து மகாராணி வரை எவருடைய படமும். எனக்கு இதில் ஆச்சரியம் என்னவென்றால், அந்தப் படங்களில் அழுகை இல்லை. குண்டு இல்லை, பிணம் இல்லை. ஒரு சிவப்புத் துண்டு ஒரு மஞ்சள் துண்டுக்குப் பக்கத்தில் எப்படி இருக்கிறது என்ற கவனம் மட்டும்தான். எங்களவர்களிடையே ஒரு நினைப்பு உண்டு. கஷ்ட காலத்தில் செய்கிற கலை கஷ்டத்தைத்தான் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அது பொறுப்பில்லாத வேலை என்று. நானும் அப்படித்தான் இருந்தேன், அந்த ரெலிபோன் வந்த இரவிலும். அழிவைச் சொல்கிற கலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது வேணும். ஆனால் எல்லாம் பறிபோன ஒருவருக்கு இன்னும் ஒன்று மினுங்குவது கண்ணில் படுகிறது என்றால், அது அவரிடம் மிஞ்சியிருக்கும் சொத்து. அதை விளையாட்டு என்று நான் சொன்னது பிழை.

1945 யூனில் ஷ்விற்றர்ஸும் வோன்ரீயும் வடக்கே, ஏரிகள் நிறைந்த அம்பிள்சைட் என்ற சின்ன ஊருக்குக் குடிபோனார்கள். உல்லாசப் பயணிகளுக்கு மலைக்காட்சி வரைந்து விற்றார். ஊர் ஆசிரியரையும் வைத்தியரையும் வரைந்தார். வைத்தியரோடு சதுரங்கம் ஆடினார். ஊரவருக்கு அவர் படம் கீறுகிற ஒரு ஜேர்மன்காரக் கிழவர், அவ்வளவுதான். இந்த முகப் படங்களை வயிற்றுப்பாட்டு வேலை என்று பெரிய விமர்சகர்கள் அதிகம் பேசுவதில்லை. அவற்றில் சில நல்ல படங்கள் என்பது என் அபிப்பிராயம்.

1947 மார்ச்சில் லண்டனில் ஒரு கூட்டத்தில் ஒலிக்கவிதையைச் சொன்னார். பதிவு செய்யலாமா என்று பார்க்க பிபிசியிலிருந்து இரண்டு பேர் வந்து, பாதியில் எழும்பிப் போய்விட்டார்கள். அதே வருஷம் யூன் 20, அவருடைய அறுபதாவது பிறந்தநாளன்று, நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்திலிருந்து உதவிக் கடிதம் வந்தது. ஆயிரம் டொலர். பழைய வேலையைத் திருத்தி எடுக்கவென்று கொடுத்த காசு. ஹனோவரில் திருத்துவதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. நோர்வேயில் அவர் கட்டிய இன்னொன்று அப்போது இருந்தது, ஆனால் போய்ச் சேரும் நிலையில் உடம்பு இல்லை. எனவே எல்ரர்வோற்றர் என்ற இடத்தில், வெடிமருந்துத் தொழிற்சாலை இருந்த காணியில், ஒரு பழைய கற்களஞ்சியத்தைக் காணிச் சொந்தக்காரர் கொடுக்க, மூன்றாவது தடவையாக முதலிலிருந்து தொடங்கினார். ஐந்து மைல் தூரம் பஸ்ஸில் போய் வருவார். கூரை ஒழுகும், நிலம் ஈரம். மழைக்கும் குளிருக்கும் பேர்போன இடம் அது. ஊரவர் எறிந்த பூவாளி மூக்கும் பிள்ளைகள் தொலைத்த பந்தும் சாந்துக்குள் போனது அங்கேதான். நான்கு சுவரில் ஒரு சுவர் ஓரளவு முடிந்தது.

பிரித்தானியப் பிரஜாவுரிமை வழங்குவதாக அவருக்குக் கடிதம் வந்த திகதி 1948 ஜனவரி 7. அவர் கெண்டல் நகர வைத்தியசாலையில் இறந்த திகதி ஜனவரி 8.

இந்த இரண்டு திகதிகளையும் எங்கள் சங்கக் கூட்டமொன்றில் நான் சொன்னபோது மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. காகிதம் வருமுன் போய்விட்டவர்கள் எங்கள் சங்கத்திலும் இருக்கிறார்கள். என்னுடைய கடிதம் வர ஏழு வருஷம் ஆனது. ஒரு தடவை என் கோப்பையே காணவில்லை என்றார்கள். அம்மாவுக்குக் கடைசிவரை நிரந்தர விசா வரவில்லை.

அம்பிள்சைட் மாதா கோயில் மயானத்தில் அவரைப் புதைத்தார்கள். 1966 வரை கல்கூட வைக்கவில்லை. 1970 இல் எலும்புகளை எடுத்து ஹனோவருக்குக் கொண்டுபோனார்கள். போகவே முடியாமல் இருந்த ஊருக்கு அப்படிப் போய்ச் சேர்ந்தார். சுவர் 1965 இலேயே லொறி ஏறி நியூகாசிலுக்கு வந்துவிட்டது. நோர்வேயில் இருந்தது 1951 இல் தீயில் எரிந்தது. ஆக, மூன்று இடத்தில் கட்டியவற்றில் பெயர் சொல்ல மிஞ்சியிருக்கிற பெரிய துண்டு எங்கள் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் நிற்கிற இந்த அரைகுறைச் சுவர்தான்.

2012 இற்குப் பிறகு ஒவ்வொரு சித்திரை வருஷப் பிறப்புக்கும், மருத்துநீர் வைத்துத் தோய்ந்து, கைவிசேஷம் கொடுத்து முடிந்ததும், அடுத்து வருகிற லீவு நாளில் நான் அங்கே ஒருமுறை போவேன். கோயிலுக்குப் போவது போல என்று மனைவி பகிடி பண்ணுவா. போன வருஷம் பேத்தியையும் கூட்டிக்கொண்டு போனேன். ஐந்து வயது. பெரிய ஆட்கள் எல்லோரும் சுவருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, அவள் சுவரின் கீழ்ப்பக்கத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் காற்சட்டையைப் பிடித்து இழுத்து, மெதுவாகக் கேட்டாள்:

"அம்மப்பா, அதுக்குள்ளை ஒரு பந்து கிடக்கு. ஆற்றை பந்து?"